பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடிய இசட் டிரைவ்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, இதுதான் பிழைப்பு. முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தை பிறந்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது.

இன்னும் பேஜ்மேக்கர் 7-இல்தான் வேலை. 2001-இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள், சிரிக்காதீர்கள். பல வருடத்து மேட்டர் முழுக்க யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கிறது, அதையெல்லாம் மாற்றி அடிக்க ஒரு ஆயுள் போதாது. அது ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பியை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கைவிட்டது, அப்புறம் சில வருடத்தில் என் பழைய கம்ப்யூட்டரும் செத்தது. புதிதாக வாங்கிய விண்டோஸ் 10 மெஷினில் மச்சான்தான் வெர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் எக்ஸ்பியை உட்கார வைத்துக் கொடுத்தான். வெளியே டி டிரைவில் இருக்கும் ஒரு ஃபோல்டர் உள்ளே இசட் டிரைவாகத் தெரியும். முடிந்த வேலையை பென்டிரைவில் ஏற்ற, பழைய மெஷினில் இருந்த பேட்ச் ஃபைலையே (கட்டளைகளை எழுதிவைத்து ஒரே தட்டில் ஓட்டும் ஃபைல்) கொண்டுவந்துவிட்டேன். எக்ஸ்காப்பி கட்டளையும் ஸ்லாஷ் டி-யும், அவ்வளவுதான். பென்டிரைவில் இருப்பதைவிடப் புதியதாக இருந்தால் மட்டும் காப்பி செய் என்று அதற்கு அர்த்தம். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை.

போன தை மாதம் ஒரு பத்திரிகை. முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 வரை என்று மேட்டர் கொடுத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு பிடிஎஃப் போட்டு, அன்றைக்கு ஏதோ அவசரத்தில் பேட்ச் ஃபைலை ஓட்டாமல் வெளியே விண்டோஸ் 10-இலேயே பிடித்து பென்டிரைவில் இழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அப்பா போன் செய்து, ஐயர் நேரத்தை மாற்றிவிட்டார், 7.30 முதல் 9 என்று போடுங்கள் என்றார். திருத்தினேன், எட்டு மணிக்கு அதே பெயரில் பிடிஎஃப் போட்டேன், பென்டிரைவை எக்ஸ்பிக்குள் கொடுத்து பேட்ச் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தேன். கருப்பு ஜன்னல் கண் சிமிட்டும் நேரத்தில் வந்து போனது. மறுநாள் காலை புதுச்சேரி பஸ்ஸில் பென்டிரைவ் அச்சகத்துக்குப் போய்விட்டது.

"தம்பி, மாத்தச் சொன்னேனே, பழைய நேரமே இருக்கே?" அச்சான பத்திரிகையைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் அப்பா.

400 பத்திரிகை. அச்சகத்து அண்ணனிடம் கேட்டால், நீ கொடுத்த ஃபைலைத்தானப்பா போட்டேன் என்கிறார். உண்மைதான், பென்டிரைவில் இருந்தது பழைய பிடிஎஃப். திரும்ப அடித்த செலவு என் கையில் இருந்து.

முதலில் கேஷ் (பழைய விவரத்தையே நினைவில் வைத்துக் காட்டுவது) பிரச்சினை என்று நினைத்தேன். விண்டோஸ் நெட்வொர்க் டிரைவில் ஃபைலின் அளவு, தேதி போன்ற விவரங்களை 10 வினாடி வரை பழையதாகவே வைத்திருக்கும் என்று படித்து, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து ஒரு ராத்திரியை வீணாக்கினேன். அது எஸ்எம்பி ஷேருக்கு, அதாவது நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டருக்கு, உள்ள கணக்கு. வெர்ச்சுவல்பாக்ஸின் ஷேர்டு ஃபோல்டர் பார்க்கத்தான் நெட்வொர்க் பாதை மாதிரி இருக்கும், உள்ளே ஓடுவது வேறு. எக்ஸ்பிக்குள் போடும் வெர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், அதுவும் தண்டம். ஃபைல் அளவை ஒப்பிட்டும் பார்த்தேன், எக்ஸ்ப்ளோரர் கேபி கணக்கில் காட்டுவதால் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. நாலு எண் மாறினால் எவ்வளவு பைட் மாறிவிடும்?

கடைசியில் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. இரவு 8.10-க்கு நோட்பேடில் ஒரு வரி அடித்து இசட் டிரைவில் ஒன்று, சி டிரைவில் ஒன்று என்று சேமித்தேன். சி டிரைவில் இருந்தது இரவு 8.10. இசட்டில், இப்போதுதான் சேமித்த ஃபைல், காலை 6.40 என்று நிற்கிறது! டாஸ்க்பாரில் மணி சரியாக 8.10. வெளியே வந்து விண்டோஸ் 10-இல் பார்த்தால் அதே ஃபைலுக்கு இரவு 8.10.

வித்தியாசம் பதின்மூன்றரை மணி நேரம். அந்த அரை மணியைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. நமக்கு ஐந்தரை, அமெரிக்க மேற்குக் கரைக்கு மைனஸ் எட்டு, இடைவெளி பதின்மூன்றரை. டைம் ஜோனைத் திறந்தால் பசிபிக் என்று இருக்கிறது. நிறுவும்போது மச்சான் அந்தப் பக்கத்தில் பார்க்காமல் நெக்ஸ்ட் தட்டியிருக்கிறான். (ஏப்ரல், மே மாதத்தில் பார்த்திருந்தால் அவர்களின் கோடைக்கால நேரத்தால் பன்னிரண்டரை வந்திருக்கும், நான் இன்னும் குழம்பியிருப்பேன்.)

அப்படியானால் டாஸ்க்பாரில் எப்படிச் சரியான மணி? மச்சானைக் கேட்டேன். "அது சும்மா சும்மா தப்பான மணிக்குப் போயிட்டே இருந்துது மாமா, அதான் சிங்க் ஆகாம நிறுத்தி வெச்சேன்" என்றான். கெஸ்ட் அடிஷன்ஸ் வெளியே உள்ள நேரத்தைச் சரியாகவே கொண்டுவந்திருக்கிறது, எக்ஸ்பி அதை பசிபிக் நேரமாக மாற்றிக் காட்டியிருக்கிறது. அவன் ஜோனைப் பார்க்காமல், வெர்ச்சுவல்பாக்ஸின் கட்டளைக் கருவியான விபாக்ஸ்மேனேஜில் 'கெட்ஹோஸ்ட்டைம்டிஸேபிள்ட்' என்ற அமைப்பை 1 ஆக்கி வாயை அடைத்துவிட்டான். பிறகு எக்ஸ்பி தன் ஹார்டுவேர் கடிகாரத்தை மட்டும் நம்பியது. வெர்ச்சுவல்பாக்ஸ் தனக்குள் ஓடும் விண்டோஸுக்கு அந்தக் கடிகாரத்தில் நம் ஊர் மணியையே கொடுக்கும், அதனால் முகப்பில் எல்லாம் சுபம்.

இப்போது அந்த ராத்திரி நடந்தது விளங்கும். ஹார்டு டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் என்டிஎஃப்எஸ் முறை நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசி-யில் குறித்து வைக்கிறது, காட்டும்போது ஜோனுக்குத் தக்கபடி மாற்றும். பென்டிரைவில் இருப்பது ஃபேட்32 என்ற வேறு முறை. அது யுடிசி பார்க்காது, குறிக்கும் கம்ப்யூட்டரில் என்ன உள்ளூர் மணியோ அதை அப்படியே எழுதிவைக்கும். நான் வெளியிலிருந்து இழுத்துப் போட்ட ஃபைலில் மாலை 6 என்று எழுதியிருந்தது. எட்டு மணிக்குத் திருத்திய ஃபைல் இசட்டில் காலை 6.30. எக்ஸ்காப்பிக்கு பென்டிரைவில் உள்ளதுதான் புதியது, தொடாமல் விட்டுவிட்டது. ஒன்றரை வருடம் தப்பித்ததற்குக் காரணம், எப்போதும் எக்ஸ்பிக்குள் இருந்தே காப்பி செய்ததால் இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பாக இருந்தது.

சரி செய்ததில் ஒரு கூத்து. ஜோனைச் சென்னை, கொல்கத்தா உள்ள வரிக்கு மாற்றியதும், இரவு 9.15-க்குக் கடிகாரம் மறுநாள் காலை 10.45-க்குத் தாவியது. பயப்பட ஒன்றுமில்லை, அதன் உள் யுடிசி அவ்வளவு நாளும் பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் இருந்திருக்கிறது. எக்ஸ்பியை ஷட்டவுன் செய்து, மச்சான் போட்ட அமைப்பை மதிப்பு எதுவும் கொடுக்காமல் திரும்ப ஓட்டி நீக்கி, மறுபடி ஏற்றினேன். மணி சரியானது, இசட்டும் சரியானது.

உங்களுக்கும் இப்படித் தேதி தப்பாகத் தெரிந்தால் முதலில் இரண்டு டிரைவிலும் புதிய ஃபைல் ஒன்று போட்டு வித்தியாசத்தை எண்ணிப் பாருங்கள். மணிக்கணக்கில், அரை மணியில் முடிந்தால் ஜோன். ஏழு நிமிடம், இருபத்துமூன்று நிமிடம் என்று வந்தால் உள்ளே ஓடும் மெஷினை அப்படியே சேவ் செய்து மறுபடி எழுப்பியபோது கடிகாரம் பின்தங்கியிருக்கலாம். ஒன்றிரண்டு வினாடி என்றால் விட்டுவிடுங்கள், ஃபேட் இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் குறிக்கும்.

பேட்ச் ஃபைலில் ஸ்லாஷ் டி-யை எடுத்து ஸ்லாஷ் ஒய் போட்டேன், தேதி எதுவாக இருந்தாலும் எழுதிவிடும். கூடவே எஃப்சி ஸ்லாஷ் பி என்று பைட் பைட்டாக ஒப்பிடும் வரி, கடைசியில் ஜன்னல் மூடாமல் நிறுத்திவைக்கும் ஒரு பாஸ் கட்டளை. அந்த பாஸ் முன்பே இருந்திருந்தால், காப்பி ஆன ஃபைல் 0 என்ற வரியை அன்று ராத்திரியே படித்திருப்பேன்.

சி டிரைவில் பழைய ஃபைல்கள் எல்லாம் இப்போது பதின்மூன்றரை மணி நேரம் தள்ளித் தேதி காட்டுகின்றன. சாயங்காலம் செய்த வேலை மறுநாள் விடிகாலையில் செய்ததாக நிற்கிறது. அவற்றை நான் தொடவில்லை.