'நல்லா இருக்குக்கா' என்றார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்

மதுரையில் இணையதளம் கட்டிக்கொடுக்கும் வேலை பார்க்கிறேன். நாலு வருஷமாக, வேலை முடிந்த பிறகு ராத்திரியில், தமிழில் ஒரு வழிகாட்டித் தளமும் நடத்தி வருகிறேன். யார் வந்தாலும் தடுமாறாமல் பயன்படுத்தும்படி ஒரு தளத்தை எப்படிக் கட்டுவது என்பதுதான் அதன் பொருள். ஃபார்ம் எப்படி இருக்க வேண்டும், பட்டனில் என்ன எழுத வேண்டும், பார்வையற்றவர் வந்தால் அவருக்கு என்ன கேட்கும் என்று 60 கட்டுரைகள் இருக்கின்றன. கல்லூரிப் பிள்ளைகளையும், டிடிபி சென்டர் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக் கடைகளுக்குத் தளம் போட்டுத் தருபவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதினேன். இதையெல்லாம் தமிழிலேயே படித்துப் புரிந்துகொள்ள ஒரு இடம் வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

போன வருஷம் தளத்தை மாற்றிக் கட்டலாம் என்று நினைத்தபோது, படிப்பவர்களைக் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் 'இந்தப் பக்கம் உதவியாக இருந்ததா? ஆம் / இல்லை' என்று போட்டேன். வந்ததெல்லாம் ஆம், ஆம், ஆம். தெரிந்தவர்களிடம் நேரில் கேட்டால் 'நல்லா இருக்குக்கா' என்றார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் காபி எப்படி என்று கேட்டால் என்ன சொல்வாரோ அதே பதில். மனசு நோகக்கூடாது என்று சொல்கிறார்கள். அந்த அன்பு பெரியதுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்தைத் திருத்துவது?

அப்புறம் முறையான கருத்துக்கணிப்பு ஒன்று நடத்தினேன். ஒன்றைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று அளக்க ஜான் புரூக் 1986ல் உருவாக்கிய 'சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்' என்ற 10 வாக்கியங்களைத் தமிழாக்கி அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். ஒற்றைப்படை வாக்கியங்கள் தளத்தைப் பாராட்டும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்லும். மனிதர்கள் யோசிக்காமல் ஒரே எண்ணைத் தட்டிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் தமிழில் 'தேவையில்லாமல் சிக்கலாக இருந்தது' என்ற வாக்கியத்துக்கு 'உடன்படவில்லை' என்று பதில் தர வேண்டியிருக்கிறது. இல்லாததை இல்லை என்று சொல்வதற்குள் தலை சுற்றிவிடும். ஒரு தம்பி பத்துக்கும் 5 போட்டுவிட்டு, 'ஃபுல் மார்க் போட்டுட்டேன்க்கா' என்று வாட்ஸ்அப்பில் சொன்னான். குறை சொல்லும் வாக்கியங்களுக்குப் போட்ட 5 எதிராகச் சேரும் என்பதால், கணக்குப் போட்டால் அவன் தந்தது 100க்கு 50. பொதுவாகச் சராசரி என்று சொல்லப்படும் 68க்கும் கீழே! அவன் மேல் தப்பில்லை. நான் கேட்ட விதம் அப்படி.

நல்ல வழி அந்த வாட்ஸ்அப்பிலேயே இருந்தது. கருத்துப் பெட்டியில் தமிழில் நாலு வரி தட்டச்சு செய்வது பலருக்குப் பெரும்பாடு. பேசச் சொன்னால் மூன்று நிமிடம் பேசுவார்கள். 'ஆம் / இல்லை'யை எடுத்துவிட்டு, 'எதைத் தேடி வந்தீர்கள்? கிடைத்ததா? குரல்பதிவாக அனுப்பலாம்' என்று தளத்துக்கென வாங்கிய எண்ணைப் போட்டேன். அதற்கு முன் ஒரு வருஷத்தில் எழுத்தில் வந்ததைவிட அந்த ஒரு மாதத்தில் குரலில் வந்தது அதிகம். பெரும்பாலும் ஒரே குறைதான்: 'இருக்கும்னு தெரியும், எங்க இருக்குன்னு தெரியல.'

அதனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993ல் போட்ட கணக்கு ஒன்று இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். ஒரு பயனரை வைத்துச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்கள் தென்படும், 5 பேரை வைத்தால் சுமார் 85 சதவீதம் வரை வந்துவிடும். அதனால் 15 பேரை ஒரே மூச்சில் கூப்பிடாமல், ஐந்து ஐந்து பேராக, திருத்தித் திருத்தி மூன்று சுற்று நடத்துவது நல்லது என்பது நீல்சனின் வாதம். நானும் ஐந்து பேரைச் சேர்த்தேன்: இரண்டு மாணவிகள், ஒரு டிடிபி சென்டர் அண்ணன், வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு தோழி, பார்வையற்ற வங்கி அலுவலர் ஒருவர். ஆளுக்கு 300 ரூபாய் கொடுத்தேன். திரையை மட்டும்தான் பதிவு செய்வேன், வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

'செய்துகொண்டே, மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்' என்பதுதான் முறை. 1982ல் ஐபிஎம்மில் கிளேட்டன் லூயிஸ் எழுதிவைத்தது. நம் ஊரில் முதல் தடை இங்கேதான். முதலில் வந்த மாணவி வைவா பரீட்சைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தட்டலுக்கும் என் முகத்தைப் பார்த்து, 'தப்பாக்கா?' என்று கேட்டாள். தளத்தைச் செய்தவளே எதிரில் உட்கார்ந்தால் யாருக்கும் வாய் வராது. அடுத்தவரிலிருந்து என் தோழி ஒருத்தியைக் கேள்வி கேட்க வைத்துவிட்டு, நான் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டேன். 'இது நான் செஞ்சதில்ல, குறை சொன்னா எனக்கு ஒண்ணும் இல்ல' என்று அவள் ஆரம்பித்ததும் பேச்சு தானாக வந்தது.

டிடிபி அண்ணனை அவர் கடையிலேயே போய்ப் பார்த்தோம். அவருக்குக் கொடுத்த வேலை இது: 'ஒரு கடைத் தளத்தில் ஆர்டர் ஃபார்மைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். என்ன செய்யலாம் என்று இந்தத் தளத்தில் தேடுங்கள்.' அதற்கென்றே கட்டுரை இருந்தது. தலைப்பு, 'உள்ளீட்டுப் பிழைத்தடுப்பு நெறிகள்'. அவர் கட்டைவிரல் அந்த வரியை மூன்று தடவை கடந்து போனது. மேலே போனது, கீழே வந்தது, அதன் மேலேயே ஒரு நொடி நின்றது, மறுபடி நகர்ந்தது. 'ஃபார்ம் பத்தி ஒண்ணும் இல்லயேம்மா' என்றார். தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் ஃபார்ம் என்று அடித்தார். ஒன்றும் வரவில்லை. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பெரிய தவமாக இருந்தது.

அப்புறம் அவர் ஃபோனை வெயிலுக்கு மறைத்துச் சாய்த்துப் பிடித்தார். படங்களுக்குக் கீழே நான் இளம் சாம்பல் நிறத்தில் விளக்கம் போட்டிருந்தேன். வெள்ளைப் பின்னணியில் அந்த நிறத்தின் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, 2.85க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்பது, எல்லாரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்காக உலகம் முழுக்கப் பின்பற்றும் அணுகல்தன்மை விதி. அதைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வங்கி அலுவலரோடு இருந்த அரை மணி நேரத்தை மறக்கவே முடியாது. அவர் பயன்படுத்துவது என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் 2006ல் மைக்கேல் கரன் தொடங்கியது. அவரும், பிறகு சேர்ந்த ஜேம்ஸ் டெய்யும் பார்வையற்றவர்கள். பக்கத்தைத் திறந்ததும் வாசிப்பான் '4', '5', '24' என்று எண்களை மட்டும் சொல்லிவிட்டு நின்றது. 'பக்கத்துல எழுத்தே இல்லயாம்மா?' என்று அலுவலர் கேட்டார். எழுத்து நிறைய இருந்தது. ஆனால் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று டெம்ப்ளேட்டின் முதல் வரியில் அப்படியே கிடந்திருக்கிறது. அதை நம்பி ஆங்கிலக் குரல் வாசிக்க வந்தது. அதற்குத் தமிழ் எழுத்து தெரியாததால் தாண்டிக்கொண்டே போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து ஆங்கிலத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்தைத் தமிழைக் குறிக்கும் இரண்டு எழுத்தாக மாற்றி ஏற்றினேன். அவர் பக்கத்தைப் புதுப்பித்ததும் தமிழ்க் குரல் தலைப்பிலிருந்து வாசிக்கத் தொடங்கியது. அவர் தலையைச் சற்றுச் சாய்த்து முழுப் பத்தியையும் கேட்டார். நாலு வருஷமாக அந்தத் தளத்தில் இப்படி ஒருவருக்கும் ஒரு வார்த்தை கேட்டிருக்காது.

அதன் பிறகு தலைப்புகள். 60 தலைப்புகளையும் தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதி, பாயில் பரப்பி, 'ஒண்ணு மாதிரி இருக்கிறதை ஒண்ணாச் சேருங்க' என்று மாணவிகளிடம் சொன்னேன். ஃபேனை நிறுத்தித்தான் செய்ய வேண்டியிருந்தது. நான் 'இடைமுகம்', 'அணுகல்தன்மை', 'உள்ளடக்கக் கட்டமைப்பு' என்று பிரித்து வைத்திருந்ததை அவர்கள் கலைத்து, 'கடைக்கு', 'ஸ்கூலுக்கு', 'ஃபோன்ல சரியா தெரிய' என்று அடுக்கினார்கள். 'மாறுபாட்டு விகிதம்' என்ற தாளை மட்டும் யாரும் எங்கேயும் சேர்க்கவில்லை. அது கான்ட்ராஸ்ட்தான் என்று சொன்னதும், 'இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா' என்றாள் ஒருத்தி.

தலைப்புகளை மாற்றினேன். 'ஃபார்ம் நிரப்புபவர் தப்பு செய்யாமல் இருக்க' என்று ஆனது அந்த உள்ளீட்டுக் கட்டுரை. உடனே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து நீண்ட குரல்பதிவு வந்தது. நல்ல கலைச்சொற்கள் இருக்கும்போது ஏனம்மா ஃபார்ம், பட்டன் என்று வருத்தத்தோடு கேட்டிருந்தார். இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, கலைச்சொல் புழங்காமல் வளராது. ஆனால் கதவிலேயே அதை நிறுத்தினால் ஆள் உள்ளே வருவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தலைப்பில் வழக்குச் சொல், கட்டுரையின் முதல் பத்தியில் கலைச்சொல், பிறகு கட்டுரை முழுக்க அந்தக் கலைச்சொல்லே என்று வைத்துக்கொண்டேன். தேடலில் படிவம், ஃபார்ம், ஆங்கில எழுத்தில் ஃபார்ம் என்று எதை அடித்தாலும் ஒரே கட்டுரை வரும்படி செய்தேன். ஆசிரியரிடம் சொன்னேன். முழுச் சம்மதம் இல்லை அவருக்கு, ஆனாலும் கலைச்சொல் பட்டியலைத் தானே சரிபார்த்துத் தருவதாகச் சொல்லி, தந்தும் விட்டார்.

இரண்டாவது சுற்றுக்கு வேறு ஐந்து பேர். அதே ஆர்டர் ஃபார்ம் வேலையை ஐவரில் நால்வர் முடித்தார்கள். ஐந்தாமவர் சிறிய ஃபோனில் 'பதிவிறக்கம்' பட்டன் 'பதிவிறக்', 'கம்' என்று இரண்டாக உடைந்து நின்றதைப் பார்த்து அது பட்டன் என்றே நினைக்கவில்லை. அதையும் திருத்தினேன்.

நேற்று வங்கி அலுவலரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. தேடலில் முடிவுகள் வந்துவிட்டதாகவோ எத்தனை வந்தன என்றோ வாசிப்பான் சொல்வதில்லையாம். பெட்டியில் அடித்துவிட்டு அமைதியில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். முடிவு வந்ததும் '7 கட்டுரைகள் கிடைத்தன' என்று அதுவாகவே அறிவிக்கும்படி இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை அவர் வேலைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.