பெட்ரோல் வரிக் கணக்கு: நாட்குறிப்பு

மார்ச் 3

பெட்ரோலில் வரி இரண்டு விதமாக விழுகிறது. ஒன்று, லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான கலால். இன்னொன்று, கலாலும் சேர்ந்த விலையின் மேல் சதவீதமாக வரும் மதிப்புக் கூட்டு வரி. அதாவது வரிக்கும் வரி.

பிரிட்டன் விகிதத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். பங்க் விலை 140 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 20% மதிப்புக் கூட்டு வரி என்றதும் பலர் 28 பென்ஸைக் கழித்துவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. 140 என்பதே வரி சேர்ந்த தொகை, 1.20 ஆல் வகுக்க வேண்டும். வருவது 116.67, எனவே வரி 23.33. 2022 மார்ச்சில் 57.95-லிருந்து 52.95 பென்ஸாக இறக்கிய கலாலையும் கழித்தால் மிச்சம் 63.72. கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, லாரி வாடகை, பங்க் லாபம் எல்லாம் இதற்குள். மற்ற 76.28 பென்ஸும் அரசுக்கு.

மார்ச் 4

கச்சா பாதியானால் பெட்ரோலும் பாதியாக வேண்டாமா என்று கேட்கிறார்கள். நேற்றைய 63.72-ல் கச்சாவின் பங்கு 40 என்று வைப்போம். பாதியானால் குறைவது 20, அதன் மேலான வரி 4, ஆக 24. 140 என்பது 116 ஆகும். 17% இறக்கம், அவ்வளவுதான். கலால் அசையவே இல்லை.

கச்சாவின் பங்கை நாமே தோராயமாகப் போடலாம்: டாலரில் சொல்லப்படும் பீப்பாய் விலையை உள்ளூர் நாணயத்துக்கு மாற்றி 159-ஆல் வகுக்க வேண்டும். ஒரு பீப்பாய் 159 லிட்டர். டாலர் ஏறிய வாரத்தில் பழைய மாற்று விகிதத்தைப் போட்டால் விடை தப்பாக வரும்.

மார்ச் 8

வரிக்குறைப்பு அறிவிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஜெர்மனியைப் போல நல்ல உதாரணம் இல்லை. 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதம், பெட்ரோல் மீதான எரிசக்தி வரியை (அங்கே கலால் இதுதான்) லிட்டருக்கு 65.45 யூரோ சென்ட்டிலிருந்து 35.90-க்கு இறக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் அடிமட்டம் அதுதான். குறைத்தது 29.55. ஆனால் ஓட்டுநருக்குக் குறைய வேண்டியது 29.55 அல்ல, அதன் மேலிருந்த 19% மதிப்புக் கூட்டு வரியும் போகிறதே! 29.55 × 1.19 = 35.16 சென்ட். அறிவிப்பில் வரும் எண் மதிப்புக் கூட்டு வரிக்கு முந்தையதா பிந்தையதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மார்ச் 9

அந்த ஜூன் 1 காலையிலேயே முழுக் குறைப்பையும் எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். எரிசக்தி வரி விழுவது பங்கில் அல்ல, சரக்கு கிடங்கை விட்டு வெளியேறும்போது. பங்கின் நிலத்தடித் தொட்டியில் அன்று கிடந்தது பழைய வரி கட்டிய பெட்ரோல். செப்டம்பர் 1-ல் இதே கதை தலைகீழ்: தொட்டியில் இருந்தது குறைந்த வரிச் சரக்கு. அதனால், வரி இறங்கப்போகிறது என்றால் முந்தின இரவு டேங்க்கை நிரப்பாமல், தேவையான அளவு மட்டும் போட்டுச் சில நாள் தள்ளுவது நல்லது.

மார்ச் 14

விலைவாசி ஏற ஏற, நிலையான கலாலின் மதிப்பு தானாகவே தேயும். அமெரிக்கக் கூட்டாட்சி வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993 முதல் மாறவில்லை. சாலை போடும் செலவு நிற்கவில்லை. பிரிட்டன் அதே 1993-ல் எதிர்த்திசையில் போனது: ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கும் மேலே கலாலை ஏற்றியது. 1999-ல் அதைக் கைவிட்டும், 2000 செப்டம்பரில் லாரிக்காரர்களும் விவசாயிகளும் எண்ணெய்க் கிடங்குகளை மறித்தார்கள். என் பார்வையில் இரண்டுமே தவறு. ஆண்டுக்கொரு முறை, சிறிய அளவில், முன்கூட்டியே சொல்லி ஏற்றுவதே நியாயம்.

மார்ச் 19

லிட்டருக்கான வரியைவிட கிலோமீட்டருக்கான வரியே சரியான அளவுகோல். பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனாலில், ஒரு லிட்டருக்கு பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு. 10% கலந்தால் சுமார் 3% ஆற்றல் குறையும். லிட்டர் வரி மாறாவிட்டால் அதே தூரத்துக்குக் கட்டும் வரி அந்த அளவு கூடும்.

அளக்கும் முறை: டேங்க் நிரம்பி, பம்பின் நாசில் முதல் தடவை ‘டக்’ என்று நின்றதும் நிறுத்தி, ஓடோமீட்டரைக் குறிக்க வேண்டும். அடுத்த முறையும் அதே பம்பில், அதே போல. இடையில் ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். முதல் முறை போட்ட லிட்டரை எடுப்பதுதான் வழக்கமான பிழை. ஒரே டேங்க்கை நம்பாமல் மூன்றின் சராசரி எடுக்க வேண்டும். லிட்டர் வரியை அந்தச் சராசரியால் வகுத்து வரும் எண்ணை, தேதியோடு ரசீதின் பின்புறம் எழுதி வைக்கலாம்.