டேப் யார் கையில்?

ஏப்ரல் 6

அறுபது, எழுபதுகளின் ஜமைக்கா ரெகே இசையில் மூவர் குழு என்றால் மூன்று தொண்டைகள், அவ்வளவுதான். டிரம்ஸ், பேஸ், ஆர்கன் வாசிப்பவர்கள் ஸ்டுடியோக்காரரின் ஆட்கள். கூலியும் டேப்பும் அவர் செலவு என்பதால் பதிவானதும் அவருடையது. பாடகர்களுக்குக் கையில் ஒரு தொகை, அத்தோடு கணக்கு தீர்ந்தது. ராயல்டி கேட்கலாம் என்றால், 1993 வரை அங்கே நடப்பில் இருந்தது 1911ஆம் வருடத்து பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டம்.

ஏப்ரல் 9

அபிசீனியன்ஸ்: பெர்னார்ட் காலின்ஸ், மேனிங் சகோதரர்கள் டொனால்ட், லின்ஃபோர்ட். 1969ல் கிங்ஸ்டனின் ஸ்டுடியோ ஒன்னில் ‘சாட்டா மசகானா’ பதிவு. மைனர் ஸ்கேல், இழுத்து நடக்கும் தாளம், நடுவே எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கின் சொற்கள். விலை போகாது என்று ஸ்டுடியோவின் சொந்தக்காரர் காக்ஸன் டாட் கிடப்பில் போட்டார். 1971ல் குழுவே 90 பவுண்டு கொடுத்து டேப்பை மீட்டு, ‘க்ளிஞ்ச்’ என்ற சொந்த லேபிளில் வெளியிட்டது. பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. உடனே டாட்டும் அதே பாட்டுக்கு வெர்ஷன்களை இறக்கினார்!

ஏப்ரல் 10

வெர்ஷன் என்றால் பாட்டைத் தூக்கிவிட்டு, தாளத்தையும் பேஸையும் நிறுத்திக்கொள்வது. பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறு இசைத்தட்டின் மறுபக்கத்தில் வரும். அதன்மேல் தாளத்துக்கேற்பப் பேசும் ஒரு டீஜே பேசினால் இன்னொரு தட்டு தயார். வாசித்தவர்களுக்கு மறுகூலி கிடையாது. மூன்று தொண்டைகளுக்கோ வேலையே கிடையாது.

ஏப்ரல் 15

காங்கோஸ் குழுவின் ஆல்பம், 1977. தயாரிப்பாளர் லீ பெர்ரியின் வீட்டுக் கொல்லையில் இருந்த பிளாக் ஆர்க் ஸ்டுடியோ. செட்ரிக் மைட்டனின் ஃபால்செட்டோ (உச்சத்தில் பாடும் மெல்லிய குரல்), ராய் ஜான்சனின் டெனர் (ஆண்களின் மேல்ஸ்தாயிக் குரல்). அடியில் கனம் போதவில்லை என்று வாட்டி பர்னெட்டின் கனத்த பாரிடோன் குரலைச் சேர்த்தவர் பெர்ரிதான்.

டேப்பில் தனித்தனியாகப் பதியும் தடங்கள், அதாவது ட்ராக்குகள், இருந்ததோ நாலே. நாலும் நிரம்பினால் கலந்து வேறு டேப்புக்கு இறக்கி, அதைத் திரும்ப ஏற்றி, காலியான ட்ராக்குகளில் அடுத்ததைப் பதிய வேண்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் ‘ஸ்ஸ்’ இரைச்சல் ஏறும், சிம்பலின் கூர்மை மழுங்கும். கலந்தபின் ஒரு குரலை மட்டும் ஏற்றவோ குறைக்கவோ முடியாது. மூவரையும் ஒரே ட்ராக்கில் பாடவைத்தால் ஒருவர் சுருதி பிசகினாலும் மூவரும் மறுபடி பாட வேண்டும். அந்த ஆல்பத்தின் புகைமூட்டமான ஒலியில் பாதி இந்த நெருக்கடி தந்தது என்பேன்.

ஏப்ரல் 16

ஐலண்ட் என்ற ரெக்கார்டு கம்பெனி காங்கோஸ் ஆல்பத்தை வெளியிடவில்லை. ஜமைக்காவில் முதலில் அச்சானது சில நூறு பிரதிகள். பிளட் அண்ட் ஃபயர் என்ற லேபிள் அதைச் சீராக மறுவெளியீடு செய்தது 1996ல். மூவர் கூட்டு எப்போதோ பிரிந்துவிட்டிருந்தது.