கண்ணுக்குத் தெரியாத தீ

மரைன் இன்ஜினியரிங் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது கப்பல்களுக்கு மாற்று எரிபொருளாக வரும் மெத்தனாலுக்குத்தான் அதிக நேரம் செலவிடுகிறேன். கப்பல் எரிபொருளின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் குறைந்தபட்ச வெப்பநிலை, 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்பது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் பொதுவிதி. மெத்தனாலுக்கு அது ஏறக்குறைய 12 டிகிரிதான். அதனால்தான் 2017 முதல் நடைமுறையில் இருக்கும் ஐஜிஎஃப் என்ற சர்வதேசக் கப்பல் விதித்தொகுப்பு, இத்தகைய எரிபொருள்களுக்குத் தனிப் பயிற்சி கேட்கிறது.

பயிற்சித் திடலில் தட்டில் கொஞ்சம் மெத்தனால் ஊற்றிப் பற்றவைத்தோம். நல்ல வெயில். புகை இல்லை, சுடரும் தெரியவில்லை. "எரியுதா சார்?" என்று முன்வரிசைப் பையன் கேட்டான். தட்டுக்கு மேலே காற்று நெளிவதைக் காட்டி, தெர்மல் கேமராவைக் கையில் கொடுத்தேன். திரையைப் பார்த்தவன் சட்டென்று இரண்டடி பின்வாங்கினான். சாதாரண தீயணைப்பு நுரை இதில் உடைந்துபோகும், ஆல்கஹாலைத் தாங்கும் நுரைதான் வேண்டும் என்று பிறகு சொன்னபோது யாருமே தலையைத் திருப்பவில்லை.

இன்னொரு மாற்று எரிபொருளான அம்மோனியா இன்னும் கடினம். அதில் கார்பன் கிடையாது; ஆனால் கசிந்தால் கண்ணையும் நுரையீரலையும் அரித்துவிடும்.

2050 வாக்கில் கப்பல்களின் பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் நிகர பூஜ்ஜியம் என்று சர்வதேச கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ இலக்கு வைத்திருக்கிறது. இன்று பதினெட்டு வயதில் சேருகிறவன் அப்போது சீஃப் இன்ஜினியராக இருப்பான். அவனுக்கு ஸ்லைடு காட்டிச் சான்றிதழ் கொடுப்பது அநியாயம். கப்பல் நிறுவனங்கள் வழக்கமான எண்ணெயிலும் மாற்று எரிபொருளிலும் ஓடும் தங்கள் இரட்டை எரிபொருள் கப்பல்களில் கேடட்டுகளுக்கு, அதாவது பயிற்சி மாணவர்களுக்கு, கூடுதல் இடம் ஒதுக்க வேண்டும். வால்வையும் கசிவுக் கண்டறியும் கருவியையும் அங்கேதான் தொட்டுப் பழக முடியும்.