படகில் வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கரையைப் பார்த்த சந்தோஷத்தில் கண்ணில் பட்ட முதல் குடாவில் நங்கூரம் போட்டுவிடாதீர்கள். அந்த நாடு அறிவித்திருக்கும் நுழைவுத் துறைமுகத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். நுழைவு அனுமதிக்காகக் காத்திருக்கிறோம் என்று காட்டும் மஞ்சள் நிற க்யூ (Q) கொடியை ஏற்றிவிட்டு எல்லாரும் படகிலேயே இருங்கள், பல நாடுகளில் கேப்டன் மட்டும்தான் காகிதங்களோடு இறங்கலாம். அந்தக் காகிதங்களில் நான் உயிராகப் பார்ப்பது கடைசித் துறைமுகம் கொடுத்த புறப்பாட்டுச் சான்றிதழைத்தான். பாஸ்போர்ட், படகுப் பதிவு, ஆட்கள் பட்டியல் எல்லாம் பக்காவாக இருந்தும் அது ஒன்று இல்லாமல் கவுண்டர் முன்னால் மணிக்கணக்கில் நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. சில இடங்களில் படகின் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்ப்கூடக் கேட்பார்கள். மது, மருந்து, துப்பாக்கி எது இருந்தாலும் கஸ்டம்ஸ் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். அப்புறம், வார இறுதியில் போய்ச் சேர்ந்தால் பல துறைமுகங்களில் ஓவர்டைம் கட்டணம் உண்டு.