பழைய புரோப் வந்தால் முதலில் டி.சி.: செய்முறைத் தேர்வு அனுபவம்

எலெக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில் தேறிவிட்டேன். எழுத்துத் தேர்வுக்குப் பழைய வினாத்தாள்களே போதும். என்னைக் கரையேற்றியது செய்முறைதான். சி.ஆர்.ஓ. என்ற அலைக்காட்டியில் மாட்டி அளக்கும், மின்னழுத்தத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து அனுப்பும் 10எக்ஸ் புரோப் ஒன்றை, பழையதாக, வேலை செய்யாததாகக் கொடுத்து, பழுது நீக்கி அளவு சரிபார்த்துக் காட்டச் சொன்னார்கள்.

பலரும் சி.ஆர்.ஓ.வின் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் மாட்டி, டிரிம்மரை (ஈட்டை, அதாவது காம்பன்சேஷனைச் சரிசெய்யும் சிறு மாறு மின்தேக்கியை) திருப்பி, மேல்கோடு தட்டையானதும் “முடிந்தது சார்” என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் டி.சி. (மாறாத நேர் மின்னழுத்தம்), பிறகுதான் சதுர அலை. இந்த ஒன்றை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொண்டு மற்றதை விட்டாலும் எனக்குச் சம்மதம்.

புரோப் முனையில் 9 மெகாஓம், சி.ஆர்.ஓ. உள்ளே 1 மெகாஓம். பழைய கார்பன் மின்தடைகள் ஆண்டுகள் போகப்போக மதிப்பில் ஏறிவிடும். 9 என்பது 10 ஆகிவிட்டால், பத்தில் ஒரு பங்கு வரவேண்டிய இடத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் வரும். ஆனால் டிரிம்மருக்கு அது தெரியாது. புரோப், சி.ஆர்.ஓ. ஆகிய இரு பக்கத்து மின்தடை, மின்தேக்கிப் பெருக்கற்பலனைச் சமமாக்குவது மட்டுமே அதன் வேலை. அலை அழகாகத் தட்டையாக நிற்கும். உயரம் 9 சதவீதம் குறைந்திருக்கும். 10 வோல்ட் டி.சி. கொடுத்துப் பார்த்தால் 9.1 என்று குட்டு வெளிப்படும். எங்கள் பயிற்சிக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது இன்னமும் எனக்கு ஆத்திரம்தான்.

மேசையில் நான் பின்பற்றிய வரிசை:

- முனைக்கும், சி.ஆர்.ஓ.வில் மாட்டும் பி.என்.சி. இணைப்பியின் நடு ஊசிக்கும் இடையே 9 மெகாஓம் இருக்கிறதா? இரண்டு முனைகளிலும் விரல் படக்கூடாது. உடம்பும் இணையாகச் சேர்ந்து அளவைக் குறைத்துவிடும்.
- தரை கிளிப்பிலிருந்து பி.என்.சி. வெளிவளையம் வரை தொடர்ச்சி. கேபிளை ஆட்டிக்கொண்டே பாருங்கள். முறிவு பெரும்பாலும் கழுத்தில்தான்.
- ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பு. 9 மெகாஓமின் மேல் படிந்த அழுக்கே கசிவுப் பாதையாகும்.
- டி.சி.
- சதுர அலை. அலையின் மூலை கூர்ந்து எழுந்தால் ஈடு மிகுதி, மழுங்கினால் ஈடு குறைவு.

கேபிள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மின்னழுத்தத்தைக் குறைக்காத 1எக்ஸ் நிலையில் வைத்து அளந்தபோது சில நூறு ஓம் காட்டியதும் பக்கத்து மேசை நண்பர் கேபிள் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தார். கெடவில்லை. நடுக்கம்பியே மின்தடைக் கம்பி. கேபிளுக்குள் அலை எதிரொலித்து ஊசலாடுவதை அது அடக்குகிறது. டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் ஜான் கோபேயும் வில்லியம் போலிட்ஸும் 1950களில் கொண்டுவந்த வழி அது. அந்த இடத்தில் டிவி ஆன்டெனா கேபிளைப் போட்டால் அலையின் விளிம்பு ஆடும். நிக்ரோம் என்றால் சாதாரண ஈயமும் பிடிக்காது. முறிந்த பகுதியை வெட்டிவிட்டு, கிரிம்ப் செய்யுங்கள் (உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி இணையுங்கள்).

நான் நிதானக்காரன். பாதி நேரத்தை அளப்பதற்கே செலவிட்டேன். கைவேகம் உள்ளவர்களுக்கும் அதையே சொல்வேன்.

டெக்ட்ரானிக்ஸின் பி6006 போன்ற பழைய புரோப்களில் டிரிம்மர் திருகைத் தேடாதீர்கள். பூட்டு வளையத்தைத் தளர்த்தி, புரோப்பின் உடலையே சுழற்ற வேண்டும். பிறகு வளையத்தை இறுக்கி, அலையை இன்னொரு முறை பாருங்கள்.

வாய்மொழித் தேர்வில் கேட்டது: சரிசெய்த புரோப்பை வேறு சி.ஆர்.ஓ.வில் மாட்டலாமா? மாட்டலாம், ஆனால் உள்ளீட்டு மின்தேக்கம் மாறுவதால் ஈட்டை மறுபடியும் சரிசெய்ய வேண்டும். பிளாஸ்டிக் திருப்புளி ஒன்றைச் சொந்தமாக எடுத்துச் செல்லுங்கள், அங்கே தருவதில்லை.