கறுத்த முகத்துக்கு வெளிச்சம்

டொராண்டோவில் யூடியூப் சேனல்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் கலர் கிரேடிங் செய்வது, அதாவது எடுத்து முடித்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்வது என் வேலை. என் திரைக்கு வரும் முகங்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள், தெற்காசியர்கள், பிலிப்பினோக்கள். இணையத்தில் யாருடைய வாசலிலும் வாய்ப்புக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வளர்ந்த, பஞ்சாபி வம்சாவளியைச் சேர்ந்த லில்லி சிங் 2010-இல் யூடியூபில் பேசத் தொடங்கினார். 2019-இல் என்பிசி தொலைக்காட்சியில் அவருக்கென்றே ஓர் இரவு நிகழ்ச்சி வந்தது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணான இசா ரே 2011-இல் யூடியூபில் ஒரு தொடர் எடுத்தார். அதைத் தொடர்ந்து எடுக்கப் பார்வையாளர்களே கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளம் வழியாகப் பணம் போட்டார்கள். 2016-இல் எச்பிஓ தொலைக்காட்சியில் அவருடைய 'இன்செக்யூர்' தொடர் தொடங்கியது.

முகங்கள் மாறிவிட்டன, சரி. படம் பிடிக்கும் பழக்கம் அவ்வளவு வேகமாக மாறவில்லை. கோடாக் காலத்தில் ஃபோட்டோ லேப்கள் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த 'ஷர்லி கார்டு'களில் பல்லாண்டுகளாக வெள்ளைப் பெண்ணின் படம்தான் இருந்தது. அந்தப் பழக்கத்தின் மிச்சத்தை நான் இன்றும் பார்க்கிறேன்.

வெள்ளைச் சுவர் போட்ட சமையலறை, அதன் முன்னால் ஒரு கறுப்பினப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு சுவரில் விழுகிறது. வெளிச்ச அளவைக் கேமராவே தீர்மானிக்கும் ஆட்டோ எக்ஸ்போஷர் சுவரின் பளிச்சைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்குகிறது, முகம் காணாமல் போகிறது. "முகத்தை மட்டும் தூக்கிவிடுங்கள்", அதாவது பிரகாசமாக்குங்கள் என்று குறிப்பு வரும். தூக்கினால் தோல் சாம்பல் பூத்துப்போகும். கன்னத்து நிழலெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். எடுக்கும்போது விழாத வெளிச்சத்தை என் மேசையில் உண்டாக்க முடியாது.

அப்புறம், வெக்டர்ஸ்கோப் என்றொரு கருவி. முகத்தின் நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும். இந்த வேலைக்கு வந்த புதிதில் என்னை வியக்க வைத்தது அதுதான். கறுப்பர், வெள்ளையர், சீனர், நம்மவர் என்று யார் முகத்தை வைத்தாலும் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். தோலுக்கடியில் ஓடும் ரத்தம் எல்லோருக்கும் ஒன்றுதானே. பிரகாசத்தில்தான் பெரிய வித்தியாசம்.

நம் சனமும் "அண்ணை, முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று கேட்கும்போது மனசு கனத்துப்போகிறது. பொது அழைப்புக்கு வந்த சுமார் 15,000 பேரிலிருந்து தேர்வாகி, 2020-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரின் நாயகியாக வந்தாரே டொராண்டோவுக்குப் பக்கத்து மிசிசாகாவின் தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன், அவர் முகத்தை இந்த ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாகப் பார்த்தார்கள்! அந்த நிறத்தை நான் எந்தக் கையால் அழிப்பது? கேட்டவர்களிடம் மாட்டேன் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

'இன்செக்யூர்' ஒளிப்பதிவாளர் ஏவா பெர்கோஃப்ஸ்கி இதற்கு நல்ல வழி காட்டினார்: சுவரில் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள், வெள்ளைப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒளியை முகத்தில் விழவிடு, தோலில் லேசான மினுமினுப்பு இருக்கட்டும். படப்பிடிப்புக்கு முன் என்னை அழைக்கும் இளைஞர்களிடம் நானும் இதையேதான் சொல்கிறேன். விளக்கைச் சுவரிலிருந்து திருப்புங்கள். கேமராவை ஆட்டோவில் விடாமல் முகத்தை வைத்து அளவெடுங்கள்.